ஒதுக்கி வைத்த கரு

கடைக்குப் புதிதாக வரும் பெண்களில் பாதிப்பேர், நாற்காலியில் சாய்ந்து கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய பிறகுதான் கண்ணாடியில் முடி வெட்டுகிறவளின் கைகளைப் பார்ப்பார்கள். அதுவரை ஃபோனில் இருப்பார்கள். பார்த்ததும் தோள் குறுகும், பேச்சு நின்றுவிடும். ஒருத்தி, "ஐயோ, அடுப்ப அணைக்காம வந்துட்டேன்" என்று கட்டிய துணியோடு எழுந்து வாசல்வரை போய்விட்டாள். "துணியக் குடுத்துட்டுப் போங்கம்மா, இது ஒட்டிக்கிற வியாதி இல்ல" என்று நண்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் துணியை வாசல்படியில் போட்டுவிட்டு ஓடினாள்.

நண்டுக்கு ஒவ்வொரு கையிலும் இரண்டே விரல். நடுவில் இருக்க வேண்டிய மூன்றும் இல்லை. அந்த இடத்தில் உள்ளங்கைவரை ஒரு பிளவு, இரு பக்கமும் தடித்த விரல் ஒவ்வொன்று. பிறவியிலேயே அப்படி. அவள் அப்பாவுக்கும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் ஒருவன் 'நண்டு' என்று ஆரம்பித்து வைத்தான். வகுப்பு பிடித்துக்கொண்டது, பிறகு பள்ளிக்கூடம், பிறகு விளையாட்டு வாத்தியார். அவள் ஒருவனைக் கடித்தாள், ஒருத்தியின் பின்னலைக் கத்தரித்தாள், வாத்தியாரின் விசிலைச் சாக்கடையில் போட்டாள். பெயர் போகவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று தெரிந்துபோனது. வளர்ந்து, முடி திருத்தக் கற்று, பெண்களுக்கென்று சொந்தமாகக் கடை போட்டபோது பெயர்ப்பலகையில் அதையே எழுதச் சொன்னாள். பக்கத்தில் சிவப்பாக ஒரு நண்டும் வரையச் சொன்னாள். இனிமேல் கூப்பிடுகிறவன் விளம்பரம் செய்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

முப்பதைத் தாண்டித்தான் கல்யாணம். கடை இருந்த கட்டடத்தின் லிஃப்ட் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். ஒரு நாள் இரண்டு மாடிக்கு நடுவில் அவளை உள்ளே வைத்துக்கொண்டு நின்றது. பழுது பார்க்க வந்தவன் மேல்தளத்தில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, "புடிங்க" என்றான்.

"முதல்ல என் கையைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் இவள்.

"மேடம், இது என்ன பொண்ணு பாக்கிற இடமா? புடிங்க."

பிடித்தாள். இழுத்தான். அதன் பிறகு பழுதாகாத லிஃப்டையும் பார்க்க அடிக்கடி வந்தான். அதிகம் பேசமாட்டான். பேசுகிற வேலையை இவள் எடுத்துக்கொண்டாள்.

தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியது அவனுடைய அக்கா. தங்கமானவள்தான், வாய்தான் தகரம். கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் போய், "கை எப்படி இருந்தா என்ன, குணந்தான முக்கியம்" என்று சொன்னாள். கவனிக்காமல் இருந்தவர்களும் அதன் பிறகு கவனித்தார்கள்.

பிள்ளை உண்டாகவில்லை. சிறு வயதில் குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தது. அதில் கருக்குழாய் இரண்டும் அடைபட்டுப்போயிருந்தன. இது தெரியவே சில வருடம் ஆனது. அதற்குள் சொந்தக்காரர்கள் கேட்காத கேள்வி இல்லை. "வீட்டுல நண்டு சிண்டு ஓடி விளையாட வேணாமா?" என்று ஒருவர் கேட்டார். "நண்டு இருக்கு, சிண்டுதான் இல்ல" என்றாள். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயைக் குடித்தார்.

கருத்தரிப்பு மையத்தின் காத்திருப்பு அறையில் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். கொழுகொழுவென்று, சிரித்தபடி, எல்லாமே கையை விரித்துக் காட்டிக்கொண்டு. நண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனாள். எதைத் தேடுகிறாள் என்று பாதியில்தான் அவளுக்கே புரிந்தது. சட்டென்று வந்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா மென்மையாகப் பேசுகிறவர். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். முதல் நாள் எல்லாம் விளக்கிய பிறகு, கொஞ்சம் தயங்கி, "உங்க கை... பரம்பரையா வர்றதா?" என்று கேட்டார்.

"ஆமா. அப்பாவுக்கு இருந்துச்சு."

"அப்ப குழந்தைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. கருவை உள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே சோதிச்சுப் பாத்துடலாம். பாத்துடலாமா?"

கணவன் அவளைப் பார்த்தான். நாத்தனாரும் கூட வந்திருந்தாள். "இதையும் கேக்கணுமா டாக்டர், பாத்துடுங்க" என்றாள். நண்டு வாய் திறக்கப் போனபோது தன் மடியைக் கவனித்தாள். கைப்பை மடியில் இருந்தது. இரண்டு கையும் கைப்பைக்கு அடியில் இருந்தன. எப்போது அங்கே போயின என்று தெரியவில்லை. ஊர்ப் பெண்களின் தலையெல்லாம் தொட்ட கை, பலகையில் படம் போட்டுத் தொங்கவிட்ட கை, ஒரு மேசைக்கு முன்னால் திருடன் மாதிரி ஒளிந்துகொண்டிருந்தது.

"பாத்துடுங்க" என்றாள் அவளும்.

பின்னால் யார் யார் மேலெல்லாமோ கோபப்பட்டாள். ஆனால் அந்தக் கைப்பையை நினைத்தால் வருகிற கோபம் தனி. அந்தப் பையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். கோபம் அதோடு போகவில்லை.

வயிற்றில் ஊசி. தினமும் ஊசி. முட்டை எடுத்த பிறகு வயிறு பானைபோல வீங்கி, நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்து, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "உங்க உடம்பு இந்த மருந்துக்கு அளவுக்கு மீறி வேலை செஞ்சிருச்சு" என்றார்கள். கணவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு, படுத்திருந்தவளின் கால் விரல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தேறி எழுந்து வந்த பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார்.

"நாலு கரு வந்துச்சு. ரெண்டு பாதியில நின்னுடுச்சு. மிச்சம் ரெண்டு. அதுல ஒண்ணு நல்லா இருக்கு. இன்னொண்ணு பாதிக்கப்பட்டது."

"என்ன பாதிப்பு?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு இருக்குற அதே விஷயம்தான்."

"வளர்ச்சி எப்படி?"

"வளர்ச்சியெல்லாம் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனா அதுதான் கொஞ்சம் திடமா இருக்கு. ஆனா அதை நாம எடுத்துக்கப் போறதில்ல. நல்லதை வைப்போம், கெட்டதை விட்டுடுவோம்."

நண்டு பேசாமல் இருந்தால் என்ன வரும் என்று கணவனுக்குத் தெரியும். நாற்காலியில் நெளிந்தான்.

"கெட்டதுன்னா, பால் கெட்டுப்போகுமே, அந்த மாதிரியா டாக்டர்?"

"அந்த அர்த்தத்துல சொல்லல..."

"வேற எந்த அர்த்தத்துல? அதுக்கு இருக்குறது எனக்கும் இருக்கு. அது கெட்டதுன்னா நான் என்ன? இதோ உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன். என் முகத்தைப் பாத்து அந்த வார்த்தைய இன்னொரு தடவை சொல்லுங்க."

டாக்டரம்மாவின் காது சிவந்தது. "மன்னிச்சுக்குங்க. பழக்கத்துல வந்துடுச்சு."

"எத்தனை பேர்கிட்ட சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்?"

டாக்டரம்மா கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். இருந்தும் நண்டு எழுந்து போய்விடவில்லை. பிள்ளை வேண்டும் என்ற ஆசை, கோபத்தைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது. "முதல்ல நீங்க நல்லதுன்னு சொன்னதையே வைங்க. ஆனா இன்னொண்ணைத் தொடக்கூடாது. அது அங்கயே இருக்கணும்" என்றாள். உறைநிலையில் வைத்திருக்க ஒப்புக்கொண்டார்கள்.

நல்லது என்று பெயர் வாங்கிய கரு சில வாரம் தங்கியது. பிறகு போய்விட்டது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. விரல் எல்லாம் சரியாக வந்திருக்க வேண்டிய கரு அது. அது நிற்காது என்று அதைச் சோதித்த எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நண்டு ஒரு வாரம் கடை திறக்கவில்லை. திறந்த அன்று பெருக்கினாள், கத்திரிகளைக் கொதிநீரில் போட்டாள், பழைய வாடிக்கைக்காரி ஒருத்திக்கு முடி வெட்டினாள். அவள் கேட்டதைவிடக் குட்டையாகப் போய்விட்டது.

டாக்டரம்மா ஆறுதல் சொல்லிவிட்டு, "கொஞ்சம் உடம்பு தேறட்டும். மறுபடி முட்டை எடுப்போம்" என்றார்.

"எதுக்கு? இன்னொண்ணு இருக்கே."

"அது பாதிக்க... அதுல அந்த மரபணு இருக்கு."

"தெரியும். அதை வைங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்களை மதிக்கிறேன். ஆனா தெரிஞ்சே ஒரு குறையோட ஒரு குழந்தை வர்றதுக்கு நான் உதவி பண்ண முடியாது. எங்க மையத்துல அது வழக்கமும் இல்ல. எவ்வளவு வெளிப்படும்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க அளவுக்கு வரலாம். காலும் சேந்து வரலாம். அபூர்வமா ஒண்ணுமே வெளிய தெரியாமலும் போகலாம். அதை நம்பி இறங்க முடியுமா?"

"நான் எதையும் நம்பி இறங்கல. என் கைமாதிரியே இருக்கும்னு வச்சுக்கிட்டுத்தான் கேக்குறேன். தெரியாமப் பெத்தா குழந்தை, தெரிஞ்சு பெத்தா குத்தமா?"

"நாளைக்கு அந்தக் குழந்தை உங்களைக் கேட்டா? 'தெரிஞ்சிருந்தும் ஏம்மா?'ன்னு கேட்டா?"

இதே கேள்வியை நண்டும் தன் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

அப்பா ஒரு கிடங்கில் எடை போடுகிற வேலையில் இருந்தார். கால்சட்டைப் பைகளை மட்டும் ஆழமாக வைத்துத் தைக்கச் சொல்வார், மணிக்கட்டுவரை உள்ளே போகும்படி. தெருவில் நடந்தால் கை பையில். படம் எடுத்தால் கை முதுகுக்குப் பின்னால். மகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவளுடைய கையைத் தன் கையோடு சேர்த்துப் பைக்குள் விட்டுக்கொள்வார். பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் ஒரு மோசமான நாளுக்குப் பிறகு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் கேட்டாள்: "எனக்கும் இப்படி வரும்னு தெரியும்தான? அப்புறம் எதுக்குப் பெத்தீங்க?" அவர் ரொம்ப நேரம் தட்டையே பார்த்தார். "ஆசையா இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான். இவள் தட்டைத் தூக்கி எறிந்தாள். சுவரில் பட்டுச் சோறு சிதறியது. ஆசையாம், உன் ஆசைக்கு நானா கிடைத்தேன் என்று வருடக்கணக்காகப் பொருமினாள். அவர் செத்த பிறகும் பொருமினாள்.

இப்போது, டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால், அதைவிட நல்ல பதில் ஒன்று அவளிடமும் இல்லை.

"கேட்டா கேக்கட்டும். தட்டைத் தூக்கி எறிஞ்சா எறியட்டும். எறியறதுக்கு அது இருக்கும்ல" என்றாள். "உங்களால முடியாதுன்னா விடுங்க. அதை என்கிட்ட குடுத்துடுங்க. வேற இடத்துக்குக் கொண்டு போறேன்."

கொண்டு போகலாம். ஆனால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும் என்றார்கள்.

விஷயம் நாத்தனாருக்கு எட்டியது. மாதம் ஒரு தடவை தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள அவள் கடைக்கு வருவது வழக்கம். அன்றும் வந்தாள். நண்டு கையுறையை மாட்டிக்கொண்டாள். கடையில் விற்கிற கையுறை அவளுக்குப் பொருந்தாது. நடு விரல்களை வெட்டியெடுத்து, இரண்டு பக்கமும் சேர்த்துப் பசை நாடாவால் ஒட்டித் தானே தயார் செய்துகொள்வாள். வலது பக்கத்து முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சாயத்தைத் தடவி முடித்தபோது நாத்தனார் ஆரம்பித்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணி. தப்பா இருந்தா தப்பாத்தான் எடுத்துக்குவேன்."

"கடவுள் குடுத்தா ஏத்துக்கலாம். நாம கண்ணைத் திறந்துக்கிட்டே போய் ஊனமான பிள்ளையப் பொறுக்கி எடுக்கலாமா? எவளாவது செய்வாளா? உனக்குப் பிள்ளை வேணுமா, இல்ல உன் வீம்புக்கு ஒரு சாட்சி வேணுமா?"

தூரிகை நின்றது.

"நான் எதையும் பொறுக்கல அண்ணி. பொறுக்கினது நீங்கள்லாம். அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி. அந்தக் கல்லு நான்தான்."

"உன்னை யாரு சொன்னா? உன்னை நாங்க எவ்வளவு..."

"எவ்வளவு என்ன? சகிச்சுக்கிட்டீங்களா?"

"ஆமான்னு வச்சுக்க" என்றாள் நாத்தனார். சொல்ல நினைத்தது அதுவல்ல. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நண்டு கையுறைகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவினாள். சாயக் கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். "எழுந்திருங்க. கடை மூடியாச்சு."

"பாதித் தலை அப்படியே இருக்கேடி!"

"அதனால என்ன அண்ணி. தலை எப்படி இருந்தா என்ன, குணந்தான முக்கியம்."

ஒரு பக்கம் கருகருவென்றும் மறுபக்கம் தும்பைப் பூவாகவும் நாத்தனார் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். எதிர்க்கடைக்காரர் வாய் பிளந்து பார்த்தார். நண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தன்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சண்டை நடந்தது. சண்டை என்றாலும் அவள் கத்தினாள், அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா சொன்னதுல உங்களுக்கு எவ்வளவு பங்கு? அதச் சொல்லுங்க."

ஒரு சட்டையை மூன்றாம் தடவையாக மடித்தான். "எனக்கு உன்னைப் பிடிக்கும். உனக்கே தெரியும். ஆனா..."

"அந்த ஆனாவுக்காகத்தான் காத்திருக்கேன். அதுக்குப் பின்னாடி வர்றதுதான் நிஜம்."

"உன்னைப் பாத்து ஒருத்தன் சிரிச்சா நீ அவனை நாறடிச்சுடுவே. எனக்கு அது வராது. தினம் பள்ளிக்கூட வாசல்ல போய் நிக்கணும். பாக்குறவன்லாம் பாப்பான். நான் ஒண்ணும் சொல்லாம நிப்பேன். உள்ளுக்குள்ள செத்துக்கிட்டே நிப்பேன். இப்பவே அப்படித்தான். உன்கூட பஸ்ல வர்றப்ப, கடைக்கு வர்றப்ப. உனக்குச் சொன்னதில்ல."

இத்தனை வருடத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அவன்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நான் பொறக்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு கண்ணாடித் தட்டுல வச்சு ஒரு டாக்டர் பாத்திருந்தா, ஒதுக்கியிருப்பாங்க. பக்கத்துல நின்ன உங்களைக் கேட்டிருந்தா, நீங்களும் தலையாட்டியிருப்பீங்க. இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் சொல்லவில்லை. பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நண்டு அவனுடைய துணிகளையெல்லாம் அள்ளித் தரையில் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்தாள்.

அடுத்த நாட்களில் அவன் முன்னறையில் படுத்தான், தானே டீ போட்டுக் குடித்தான், வேலைக்குப் போனான். பிறகு ஒரு காலை, காலணியை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "எங்க வரணும்னு சொல்லு. வர்றேன்."

"மனசார வர்றீங்களா?"

"மனசு பின்னாடி வரும். இப்பதைக்கு நான் வர்றேன்."

அது போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு டாக்டரைக் கண்டுபிடித்தாள். வயதானவர். மேசை எங்கும் குப்பை. சுவரில் குழந்தைப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தெரிஞ்சுதான கேக்குறீங்க?" என்றார். "தெரிஞ்சுதான்" என்றாள். "சரி" என்றார்.

ஒதுக்கி வைத்த கரு தங்கியது. முட்டி மோதி வளர்ந்தது. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், வயிற்றில் பசையைத் தடவிய பெண்ணிடம் நண்டு முதலிலேயே சொல்லிவிட்டாள்: "இதயத்தைப் பாருங்க, மூளையைப் பாருங்க, முதுகெலும்பைப் பாருங்க. விரலை மட்டும் எண்ணாதீங்க. எண்ணினாலும் என்கிட்ட சொல்லாதீங்க." அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "சொல்லாதீங்கன்னு சொன்னேன்" என்று நண்டு போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிரசவத்தில் சிக்கலாகி வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. துணியில் சுற்றி, செவிலி அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கிடந்த நண்டு, முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கினாள். மூடியிருந்த முஷ்டியைத் தன் இரண்டு விரலால் பிரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. அடுத்த கை. அதிலும் ஐந்து. கால் இரண்டிலும் அப்படியே.

"அப்பாடா" என்று யாரோ சொன்னது கேட்டது. சொன்னது அவள்தான்.

குழந்தையின் முகத்தை அதன் பிறகுதான் பார்த்தாள். அது அழுதுகொண்டிருந்தது. அவளும் அழுதாள். செவிலி அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துத் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

வெளியே நாத்தனார் ஃபோனை வைக்கவே இல்லை. "பத்தும் இருக்கு! ஆமா, கை கால் எல்லாம். தேவதை மாதிரி இருக்கா. கடவுள் கைவிடல!" பாதித் தலைப் பகையெல்லாம் பறந்துபோய், கட்டிலுக்கு வந்து நண்டின் நெற்றியில் முத்தம் வைத்தாள். "பாத்தியா, நீ பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு."

"பத்து இல்லேன்னா நல்லதாப் போயிருக்காதா அண்ணி?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அதான் இருக்கே."

அதான் இருக்கே. இந்தச் சொல்லை அவள் எல்லோர் வாயிலும் கேட்டாள். கணவனின் வாயிலும் கேட்டாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனான். பள்ளிக்கூட வாசலை நினைத்துச் செத்துக்கொண்டிருந்தவன், தன்னோடு வேலை செய்கிறவர்கள் வந்தபோது, தூங்குகிற குழந்தையின் முஷ்டியை மெதுவாகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நண்டு அறை வாசலில் நின்று பார்த்தாள்.

"கையை மூடுங்க."

"என்ன?"

"பிள்ளையோட கையை மூடுங்க. சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி காட்டாதீங்க."

வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. அதன் பிறகு ஒருபோதும் அப்படிச் செய்யவில்லை. அவள் அவனிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அறுவை அறையில் தானே எண்ணியதை. அவனைத் திட்டுகிறபோதெல்லாம் அந்த 'அப்பாடா' அவள் காதில் விழும். அதனாலேயே இன்னும் உரக்கத் திட்டுவாள்.

தடுப்பூசிக்குப் போன நாளில் வயதான டாக்டரையும் எட்டிப் பார்த்தாள். அவர் குழந்தையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு, "ஒரு விஷயம். கையில தெரியலேன்னாலும் அந்த மரபணு இவளுக்குள்ள இருக்கு. இவ பிள்ளைக்கு வரலாம். பெரியவளானதும் சொல்லி வையுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வந்தா, முன்கூட்டியே கருவைச் சோதிச்சுக்கலாம்" என்றார்.

அவள் மதிப்பு வைத்திருந்த மனிதர். 'சரி' என்று ஒரே சொல்லில் கதவைத் திறந்துவிட்டவர். அவரும் இதைச் சொன்னபோது நண்டுக்கு நாக்கு கசந்தது.

"டாக்டர், இவளுக்கு இன்னும் கழுத்தே நிக்கல. அதுக்குள்ள இவ வயித்துப் பிள்ளைய வடிகட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சொல்ல வேண்டியது என் கடமை."

"சொல்லுவேன். நானே சொல்லுவேன். அவ என்ன வேணா முடிவு பண்ணிக்கட்டும். ஆனா அவகிட்ட யாராவது நல்லது கெட்டதுன்னு பேசினா, அன்னைக்கு நான் உயிரோட இருந்தா, வந்து மேசையப் பிரட்டுவேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு கடைக்கும் வந்தது. தரையில் கிடக்கும் முடியை அள்ளிப் பறக்கவிடும். "யார் பிள்ளைங்க, உங்களுதா?" என்று வாடிக்கைக்காரிகள் முதலில் குழந்தையின் கையைப் பார்ப்பார்கள், பிறகு நண்டின் கையை. "நல்லவேளை" என்று ஒருத்தி சொன்னாள். கத்திரி அவளுடைய காதுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. "எது நல்லவேளை?" என்று நண்டு கண்ணாடி வழியாகக் கேட்டாள். அந்தப் பெண், "இல்ல, மழை வரல, நல்லவேளைன்னேன்" என்றாள்.

ஒரு சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நடு மூன்று விரலையும் உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டு, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பிஸ்கட்டை இடுக்கியிருந்தது. அம்மா டம்ளர் பிடிப்பதை, சீப்புப் பிடிப்பதை, தன்னைத் தூக்குவதைப் பார்த்து எடுத்துக்கொண்ட பிடி. பிஸ்கட் இரண்டு தடவை நழுவி விழுந்தது. அது சளைக்காமல் எடுத்து மறுபடி அப்படியே இடுக்கியது.

நாத்தனார் குனிந்து, மடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். "அப்படிப் பிடிக்கக் கூடாது கண்ணு. அசிங்கம். ஒழுங்காப் பிடி."

நண்டு கையிலிருந்த பாத்திரத்தை வைத்தாள். "அவ கையை விடுங்க அண்ணி."

"பழகிடும்டி. இப்பவே திருத்தணும்."

"விடுங்கன்னு சொன்னேன். இந்த வீட்டுல அந்தப் பிடிக்கு அசிங்கம்னு பேரு கிடையாது. அதுல நான் தூக்கிப் பிடிச்சுத்தான் அவ பால் குடிச்சா. அதுல பிடிச்ச கத்திரியிலதான் இந்த வீட்டுல பாதி அடுப்பு எரியுது. இன்னொரு தடவை அந்த வார்த்தைய அவ காதுல போட்டீங்கன்னா, நீங்க வளர்த்த தம்பிய வெளிய எங்கயாவது வச்சுப் பாத்துக்கங்க. இங்க வராதீங்க."

கணவன் முன்னறையிலிருந்து வந்து நின்றான். இருவரையும் பார்த்தான். "அக்கா, விடு" என்றான், தண்ணீர் கேட்கிற குரலில். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. இதுகூட வந்ததே என்று சந்தோஷப்படலாம். இவ்வளவுதானா என்று நண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் கொஞ்சம் நின்றாள், யாராவது கூப்பிடுவார்கள் என்று. கூப்பிடவில்லை.

சத்தத்தில் மிரண்டுபோயிருந்த குழந்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பசி நினைவு வந்திருக்க வேண்டும். தரையிலிருந்த பிஸ்கட்டை ஐந்து விரலாலும் வாரி எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டது. நண்டு இன்னும் கோபத்தில்தான் இருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்துவிட்டாள்.